எங்கள் ஊரில் குளிர் கிடையாது

எங்கள் ஊரில் குளிர் கிடையாது. புதிதாக வரும் வாத்தியார்களிடம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். மொத்தம் ஐம்பது வீடு இருக்காது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்துதான் மேகம், எங்கள் பேச்சில் மஞ்சு, ஏறி வரும். ஐப்பசியில் ஏற ஆரம்பித்தால் மார்கழி வரை அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். துவைத்துப் போட்ட வேட்டி நாலு நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் வைக்காவிட்டால் காலையில் பற்றாது. எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். கீழே சேலத்துப் பக்கமிருந்து வரும் வாத்தியார்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளாது.

ஜூன் மாதம் வருவார்கள். "ஏசி போட்ட மாதிரி இருக்குதுங்களே" என்பார்கள். ஐப்பசியில் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். தை மாதம் யாரையாவது பிடித்து மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தவர் வரும் வரை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். நடையில் ஆடு படுத்திருக்கும்.

அதனால் ஊரே சேர்ந்து ஒரு பழக்கம் வைத்திருந்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்தது இல்லை. வாத்தியார் காதில் விழும்படி குளிரைப் பற்றிப் பேசக் கூடாது. அவர் முன்னால் போர்வை போர்த்திக்கொண்டு நடக்கக் கூடாது. மேகம் இறங்கினால், "இன்னைக்குத்தானுங்க இப்படி, நாளைக்கு வெளுத்துருமுங்க" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தோம். "வாத்தியார் முன்னாடி நடுங்கக் கூடாது சாமி. பல்லைக் கடிச்சுக்கோணும்." நானும் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தவன்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. கார்த்திகையில் ஊருக்குப் போன வாத்தியார் திரும்பி வரவில்லை. பங்குனியில் வேறொருவர் வந்து எல்லோரையும் பாஸ் போட்டார். ஆறாம் வகுப்புக்கு மாரமங்கலம் போனேன். முதல் நாளே எழுந்து நிற்கச் சொல்லி ஏதோ வாய்ப்பாடு கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நின்றுகொண்டே இருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் "ஊமைங்க சார்" என்றான். மறுநாள் நான் போகவில்லை. ஒரு மேஸ்திரியிடம் கலவை குழைக்கப் போய்ச் சேர்ந்தேன். செங்கல்லுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது என்னையும் மேஸ்திரி என்கிறார்கள்.

எனக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து கொஞ்சம் இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் மூச்சு விசில் மாதிரி சத்தம் போடும். அவள் இரண்டாம் வகுப்புப் போனபோது எங்கள் ஊருக்கு ஒரு டீச்சர் வந்தார். சேலத்துக்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் தங்கிக்கொள்வார். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. மேகம் பேருக்கு நாலு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சாமை கருகியது, மிளகு பிடிக்கவில்லை. ஆனால் டீச்சர் நின்றார். தை வந்தது, மாறுதல் கேட்கவில்லை. மாசி வந்தது, கேட்கவில்லை. வெள்ளாமை போன வருத்தத்தில் இருந்தவர்கள்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

என் மகள் அந்த ஒரு வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சிமெண்ட் மூட்டையில் இருப்பதைப் படிப்பாள். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிப்பாள். "அஞ்சாவது வரைக்கும் டீச்சர் இருப்பாங்களாப்பா?" என்று கேட்பாள். "இருப்பாங்க கண்ணு" என்பேன். இந்த டீச்சர் இன்னும் மூன்று வருஷம் நிற்க வேண்டும், என் மகள் நான் நின்ற மாதிரி ஆறாம் வகுப்பில் போய் வாயடைத்து நிற்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்தப் பங்குனியில்தான் கட்டடம் கட்ட வந்தார்கள். ஏதோ ஒரு டிரஸ்ட். மலைக்கிராமங்களில் பள்ளிக்கூடம் கட்டித் தருகிறார்கள் என்றார்கள். படம் போடுகிறவர் ஒரு இளைஞர், முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் இஞ்சினியர் தம்பி என்போம். "நான் இஞ்சினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாலு நாள் எங்கள் ஊரிலேயே தங்கினார். களி தின்றார். பழைய பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளோடு முழுநாள் உட்கார்ந்திருந்தார். அது தகர சீட் போட்ட ஒற்றை அறை. பங்குனி வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் மலையாவது ஒன்றாவது, மண்டை காயும். அவர் ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டி எவ்வளவு சூடு என்று மணிக்கு ஒரு தரம் எழுதிக்கொண்டார். ஊதுபத்தி கொளுத்தி எந்தப் பக்கம் புகை போகிறது என்று பார்த்தார். ஊதுபத்தியோடு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்தவரைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பள்ளிக்கொடத்துக்கு பூசை போடறாரு" என்றாள் ஒருத்தி.

கடைசி நாள் கூட்டம் போட்டார். இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். ஒன்றில் டீச்சரை உட்கார வைத்தோம். இன்னொன்றில் தம்பி உட்காரவில்லை, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அதனால் டீச்சர் மட்டும் எல்லோருக்கும் மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். டீச்சர் காலடியில் என் மகள்.

"இந்த ஊர் வெயில், மழை, காத்து எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் நாலு நாள் பாத்ததை வெச்சு கட்டக் கூடாது" என்றார் தம்பி. அப்படியே சொன்னார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வெயில் கஷ்டம் பாத்துட்டேன். மழைக்காலம் எப்படி? குளிர் அதிகமா? மேகம் உள்ள வருமா?"

எல்லோரும் டீச்சரை ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு எங்கள் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் என்றால் ஊருக்குத் தலைவர், நல்லது கெட்டதுக்கு முதல் பேச்சு அவருடையது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"குளிருங்களா? அதெல்லாம் பெருசா இல்லீங்க. லேசா சிலுசிலுன்னு இருக்குமுங்க. ஒடம்புக்கு நொம்ப நல்லதுங்க."

"மேகம்?"

"மேகம் வருமுங்க. வந்துட்டுப் போயிருமுங்க. விருந்தாளி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். "வெக்கைதானுங்க தம்பி பெரிய தொந்தரவு. புள்ளைக வெந்து போகுதுங்க" என்றாள் ஒரு அம்மா. ஐப்பசியில் பிள்ளைக்குப் போர்த்த ஈரமில்லாத கோணி கேட்டு வீடு வீடாக அலைகிறவள் அவள்.

தம்பி என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீங்கதான் கட்டப்போறீங்க. நீங்க சொல்லுங்க. பள்ளத்துப் பக்கம் சுவரை நல்லா திறந்து வெச்சா காத்து வருமா?"

ஊரே என்னைப் பார்த்தது. நான் டீச்சரைப் பார்த்தேன். பிறகு என் மகளைப் பார்த்தேன். "காத்து நல்லா வருமுங்க" என்றேன். காற்று வரும்தான். நான் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, பள்ளத்துப் பக்கமா செவுத்தத் தெறந்து வெச்சா மஞ்சு நேரா உள்ள வராதுங்களா?"

"வரும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"டீச்சர் உக்காந்திருந்தாங்க."

"அவுக போனதுக்கப்புறம் தனியாப் போய்ச் சொல்றது."

"தனியாச் சொன்னா மட்டும்? அவரு போய் டீச்சர்கிட்டக் கேப்பாரு. இங்க அவ்வளவு குளிராங்க டீச்சர்னு."

அவள் கொஞ்ச நேரம் ஊதினாள். "அதுஞ் சரிதான்" என்றாள். எங்கள் வீட்டிலேயே அன்றைக்கு அப்படி ஒரு ஒற்றுமை.

கட்டட வேலை நான் செய்ததிலேயே நல்ல வேலை. அதையும் சொல்லிவிட வேண்டும். அடியில் மலைக்கல், மேலே இயந்திரத்தில் அமுக்கிச் செய்த செம்மண் கல், கூரைக்கு ஓடு. பள்ளத்துப் பக்கச் சுவர் முழுக்க ஓட்டை. கல்லை நேராக வைக்காமல் ஒன்று விட்டு ஒன்று சாய்த்து வைத்து, நடுவில் கை நுழைகிற அளவுக்குச் சந்து விட வேண்டும். உள்ளே பார்த்தால் வெளிச்சம் தரையில் கோலம் போட்ட மாதிரி விழும். தம்பி தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். நான் காயவைத்த கல்லில் அடுக்கிக் காட்டினேன். "நான் வரைஞ்சதைவிட நல்லாருக்கு" என்று படத்தை அழித்துத் திருத்தினார். அதுவரை யாரும் நான் செய்ததைப் பார்த்துப் படத்தைத் திருத்தியதில்லை. அந்தச் சுவரை நான் வேறு யார் கையிலும் விடவில்லை. ஒவ்வொரு கல்லும் நான் வைத்தது.

ஒருநாள் இடுப்பளவு எழும்பிய சுவருக்கு அந்தப்பக்கம் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன மேஸ்திரி, ரொம்ப யோசனை?"

அங்கே டீச்சர் இல்லை. ஊர் இல்லை. நானும் அவரும்தான். சுவரும் இடுப்பளவுதான் இருந்தது, இரண்டு நாளில் மாற்றிக் கட்டியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

டீச்சர் போய்விடுவார் என்ற பயம் மட்டும்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சொன்னால் அவர் படத்தை மாற்றிவிடுவார். அந்தச் சுவர் போய்விடும். என் கையில் அப்படி ஒரு வேலை மறுபடி எப்போது வரும்?

கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷமும் மழை பொய்த்தது, மேகம் எட்டிப் பார்த்ததோடு சரி. அடுத்த வருஷம் சித்திரையில் திறப்பு விழா வைத்தார்கள். சேலத்திலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மின்விசிறி இல்லாமல் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வந்தவர்கள் ஓட்டைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். அந்தப் படம் என் மனைவியின் போனில் இன்னும் இருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை.

ஐப்பசி முதல் வாரம் ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. பழைய கட்டடமாக இருந்தால் சுவரில் மோதி மேலே போயிருக்கும். இப்போது நான் வைத்த சந்து ஒவ்வொன்றிலும் புகுந்து, கையை நீட்டுகிற மாதிரி உள்ளே போனது. நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கரும்பலகை தெரியவில்லை. அப்புறம் பிள்ளைகள் தெரியவில்லை. உள்ளே வாய்ப்பாடு சொல்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் நோட்டுகள் ஊறி உப்பிப் போயின. ஈரப் பலகையில் சாக்பீஸ் எழுதாமல் மாவாக உதிர்ந்தது. ஓடு நன்றாகத்தான் இருந்தது, மேலேயிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் காலையில் துடைப்பத்தால் தரையிலிருந்த தண்ணீரைத் தள்ளினார்கள்.

"என்னங்க இது, எப்பவும் இப்படித்தானா?" என்று டீச்சர் ஊர்க்கவுண்டரிடம் கேட்டார்.

"இந்த வருசந்தானுங்க டீச்சரம்மா. எனக்கு நெனவு தெரிஞ்சு இப்படிப் பாத்ததே இல்லீங்க. ஏதோ கடல்ல கோளாறுன்னு டிவில சொல்றாங்கல்லங்க."

பெண்கள் உரச் சாக்கைப் பிரித்துத் தைத்து ஓட்டைகளுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். உள்ளே இருட்டிப்போனது. டிரஸ்டிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்று போன் வந்தால் சாக்கையெல்லாம் கழற்றி ஒளித்துவைப்போம். அவர்கள் வெளுத்த நாளாகப் பார்த்து வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். ஜீப் வளைவு திரும்பியதும் சாக்கை மறுபடி கட்டுவோம். தம்பி மனசு நோகக் கூடாதாம். எங்கள் ஊருக்கு அவ்வளவு நல்ல மனசு.

கார்த்திகையில் ஒருநாள் மதியச் சோற்று நேரத்தில் ஒரு சாக்கை ஆணியடித்துக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வெளியே ஏணியில் நின்றிருந்தேன். உள்ளே டீச்சர் என் மகளின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் நீலம் பாய்ந்திருந்தது.

"கண்ணு, குளிருதா?"

"இல்லீங்க டீச்சர்."

"உண்மையைச் சொல்லு சாமி."

"இல்லீங்க டீச்சர். நாளைக்கு வெளுத்துருமுங்க."

மூச்சு விசிலடிக்கிற சத்தம் ஏணி வரை கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் ஆணியை அடித்துவிட்டு இறங்கினேன்.

நாலு நாள் கழித்து அவளை ஏற்காடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தோளில் போட்டு மாரமங்கலம் வரை நடை, அங்கிருந்து காப்பி மூட்டை ஏற்றிய ஜீப். மூச்சுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். ஆறு நாள் படுக்கை. டாக்டர் எங்கே படிக்கிறாள் என்று விசாரித்தார். சொன்னேன். "புதுசா கட்டினாங்களே, போன்ல பாத்தேனே, அதுவா? ரொம்ப அழகா இருந்துச்சே" என்றார். பிறகு, "ஈரமில்லாத இடத்துல வைங்க. இன்னொரு தரம் இப்படி வந்தா தாங்காது" என்றார்.

அடிவாரத்தில், குப்பனூருக்கு அப்பால், தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. தை பிறந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நாலாம் வகுப்பு, ஒன்பது வயது. பஸ்ஸில் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகையை வாசித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

டீச்சரும் அந்த மாதமே மாறுதல் வாங்கிவிட்டார். பெட்டியை மாரமங்கலம் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாப்பில் வைத்து அவர்தான் ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். ஏற்காட்டு மலையில குளிர் கிடையாதுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மொத நாளே ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துட்டுத்தான் வந்தேன். நீங்க எல்லாரும் குளிரே இல்ல, குளிரே இல்லன்னு சொன்னீங்க. சரி, பாவம், எனக்காகச் சொல்றாங்கன்னு நானும் நம்பின மாதிரி இருந்தேன். ஸ்வெட்டரைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்ல. நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"டீச்சர்…"

"அன்னைக்குக் கூட்டத்துல நீங்க என் முன்னாடி அப்படிச் சொல்றீங்க, அந்தத் தம்பிகிட்டத் தனியா உண்மையைச் சொல்லிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். கட்டறவர்கிட்டகூடவா மறைப்பாங்க? நான் வந்து மொத ரெண்டு வருசமும் மழையில்ல. எனக்கு எங்கேருந்துங்க தெரியும், மேகம் அந்தப் பக்கமாத்தான் ஏறும்னு? நீங்கதானே சுவத்தைக் கட்டினீங்க."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினேன். ஏறும்போது திரும்பி, "குளிருக்காக நான் போகலீங்க. பிள்ளைங்க என்கிட்ட நடுங்கிக்கிட்டே பொய் சொல்லுது. அதை எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருப்பேன்?" என்றார்.

ஊருக்குத் திரும்பி நடந்தேன். எத்தனை வருஷமாக, எத்தனை வாத்தியார்களிடம், எத்தனை பேர் சேர்ந்து சொன்ன பொய் அது. யாரும் நம்பியதே இல்லையோ என்னவோ. போனவர்கள் குளிருக்காகப் போனார்களா, வேறு எதற்காகவோ போனார்களா, அதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பங்குனியில் தம்பி வந்தார். கட்டி ஒரு வருஷம் ஆகிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போக வந்தார். மறுபடியும் கூட்டம். அதே இரண்டு நாற்காலி. புதிதாக வந்திருந்த வாத்தியாரை ஒன்றில் உட்கார வைத்திருந்தோம். சாக்கெல்லாம் கழற்றியாகிவிட்டது. வெளியே நல்ல வெயில்.

"மழைக்காலத்துல எப்படி இருந்துச்சு?" என்றார் தம்பி.

ஊர்க்கவுண்டர் துண்டைச் சரிசெய்தார். "அருமைங்க. புள்ளைக ஊட்டுக்கே வர மாட்டேங்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மாரமங்கலம் பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றேன். ஊர் என்னைப் பார்த்தது. இந்தத் தடவை வாய் வந்தது.

"மஞ்சு உள்ள வருதுங்க. கரும்பலகை தெரியாதுங்க. நோட்டெல்லாம் ஊறிப்போச்சுங்க. குளிரு இங்க நொம்ப அதிகமுங்க. எப்பவுமே அதிகமுங்க."

ஊர்க்கவுண்டர் புது வாத்தியாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவனுக்கு இன்னைக்கு என்னமோ…" என்று ஆரம்பித்தார்.

"அந்தச் செவுத்த நான் கட்டும்போதே தெரியுமுங்க" என்றேன்.

தம்பி முகம் வெளுத்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. நோட்டை எடுத்தார், எழுதவில்லை, மூடினார். "ஏன் மேஸ்திரி அப்பவே சொல்லல? நான் கேட்டேனே" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: "இவரு புள்ள கீழ போயிருச்சு. இனி எங்க புள்ளைகளுக்கு வாத்தியார் இருந்தா என்ன, போனா என்ன இவருக்கு?"

அவள் சொன்னது சரி. என் மகள் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். இழக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு வந்த தைரியம் அது. அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓட்டைகளுக்கு மரக்கதவு போட்டுத் தருவதாகத் தம்பி படம் அனுப்பினார். டிரஸ்ட் அதற்குள் வேறு மலைக்குப் போய்விட்டது, மரம் வரவில்லை. வைகாசியில் மிச்சமிருந்த செம்மண் கல்லை எடுத்து நானே அடைத்தேன். கீழ் வரிசைகள் முழுக்க அடைத்து, மேலே இரண்டு வரிசைக்கு மட்டும் கண்ணாடித் துண்டு பதித்தேன். தரையில் விழும் கோலம் போய்விட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை. இரண்டு மாதம் ஊரில் பலர் என்னோடு பேசவும் இல்லை, நான் சும்மாவே பேசாதவன் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

புது வாத்தியார் ஓடிப்போவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கூட்டம் முடிந்த அடுத்த வாரமே சேலத்திலிருந்து வரும்போது ஒரு கம்பளியும் குல்லாவும் வாங்கி வந்தார். பிள்ளைகளுக்கும் பழைய ஸ்வெட்டர் ஒரு மூட்டை சேகரித்துக்கொண்டு வந்தார். "இவ்வளவு குளிர்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானேய்யா" என்றார். அந்த ஐப்பசி போனது, தை போனது. அவர் இருக்கிறார். எல்லோருடைய பிள்ளைகளும் மேலே படிக்கின்றன. என் பிள்ளை கீழே படிக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு விடுமுறையில் வந்திருந்தாள். உயரமாகிவிட்டாள். கீழே உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, மூச்சு நன்றாக இருக்கிறது. முன்பு மாதிரி எதையும் சத்தமாக வாசிப்பதில்லை. நான் கட்டி அடைத்த சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் மேகம் இறங்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹாஸ்டல்ல எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கப்பா."

"சோறு?"

"நல்லா போடறாங்கப்பா."

"யாராச்சும் உன்னை ஏதாச்சும் சொல்றாங்களா?"

"இல்லீங்கப்பா. எல்லாரும் நல்லவங்க."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுப்பு வெளிச்சத்தில் தாடை இறுகுவது தெரிந்தது. நான் போர்வையை எடுத்து நீட்டினேன்.

"குளிருதா சாமி?"

"இல்லீங்கப்பா" என்றாள். "நாளைக்கு வெளுத்துருமுங்க."